சுவர் பேசும் மொழி

வீடு தேடி வந்த விருந்தினரை வாயிலிலே எதிர்கொண்டு, "வாருங்கள், இருங்கள்" என்று முகமலர்ந்து அழைப்பது நம்மவர் மரபு. அழைப்பார் இல்லாத வீட்டு முற்றத்தில் எவ்வளவு நெருங்கிய உறவினரும் சற்றுத் தயங்கியே நிற்பர். இஃது எல்லாரும் அறிந்த செய்தி. ஆனால், பல பத்துக் கடைகளைத் தன் வயிற்றினுள் அடக்கிக்கொண்டு மாடி மேல் மாடியாக எழுந்து நிற்கும் இக்காலத்துப் பெருங் கடைத்தொகுதிகளில், நாள்தோறும் வந்து குவியும் ஆயிரக்கணக்கானோரை வாயிலில் நின்று அழைப்பவர் யார்? கையைப் பிடித்து உள்ளே கூட்டிச்சென்று, "இதோ துணிக்கடை, அதோ மருந்துக்கடை, குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமானால் இந்தப் பக்கம்" என்று சொல்பவர் யார்?

அங்கே விருந்தோம்பும் பொறுப்பு சுவருக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சுவரில் எழுதிய எழுத்தும், தூணிற் பூசிய நிறமும், தலைக்கு மேல் தொங்கும் அம்புக்குறியும், தரையில் இழைத்த கோலமும் சேர்ந்தே வந்தவரை வரவேற்கின்றன, வழிநடத்துகின்றன, சில வேளைகளில் விரட்டவும் செய்கின்றன. கட்டடத்துக்கு இவ்வாறு நாவினைக் கொடுக்கும் கலையைச் சூழல் வரைகலை வடிவமைப்பு என்று கூறலாம். 1973 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் இத்துறையினர் தமக்கென ஒரு சங்கத்தையே நிறுவிக்கொண்டனர். கட்டடக்கலைஞர், ஓவியர், எழுத்து வடிவமைப்பாளர், வாணிபம் அறிந்தோர் ஆகிய பலரும் கூடிச் செய்யும் கலை இது. கண்டிக்குப் பண்டிகைச் சாமான் வாங்கப் போகும் நமது குடும்பங்களுக்கும், பேராதனையிலே படிக்கும் மாணவர்க்கும் இதனால் ஆவது என்ன என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

கொடி பேசிய காலம்

பெயர் புதிது, பொருள் நமக்குப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை வருணிக்குமிடத்தில் அந்நகரத்து வீதிகளிலே பறந்த கொடிகளை வகை வகையாக எடுத்துச் சொல்கிறது. தெய்வம் உறையும் வாயிலிலே ஒரு கொடி. வாதுக்கு அழைக்கும் கல்விமான்கள் உயர்த்திய கொடி வேறு. துறைமுகத்தில் அசையும் மரக்கலங்களின் கொடி வேறு. கள் விற்கும் மனையின் கொடி வேறு. எழுத்தறியாதவனும் எந்நாட்டிலிருந்தோ வந்து இறங்கிய மாலுமியும் அண்ணாந்து பார்த்த அளவில் இன்ன இடத்தில் இன்னது கிடைக்கும் என்று அறிந்துகொண்டனர். மதுரைக்காஞ்சியும் பாண்டியர் தலைநகரின் பகற்கடையாகிய நாளங்காடியையும் இரவுக்கடையாகிய அல்லங்காடியையும் கொடிகளோடு சேர்த்தே காட்டுகிறது.

மற்றொன்றும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே ஏற்றவும் இறக்கவும் குவிந்து கிடந்த பண்டப் பொதிகளில் சோழனுடைய புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலையே கூறுகிறது. அந்தப் புலியைக் கண்டவன் பொதியின் எடையையும் தரத்தையும் ஐயுறமாட்டான். இன்று வணிக உலகத்தார் ஒரு பொருளுக்கோ நிறுவனத்துக்கோ இடத்துக்கோ "பிராண்ட்" அமைப்பது என்று சொல்வது இந்த நம்பிக்கையைத்தான். கொடி வழிகாட்டியது, இலச்சினை நம்பிக்கை ஊட்டியது. கடைத்தொகுதியின் சுவரிலே இவ்விரண்டு வேலையும் இன்று ஒருங்கே நடைபெறுகின்றன.

திசை தெரிந்த நகரமும் திசை தெரியாத கட்டடமும்

கண்டி மாநகரிலே வழி தவறுவது கடினம். ஒரு பக்கம் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைத்த வாவி. அதன் கரையிலே தலதா மாளிகை. அதிலிருந்து புறப்படும் தலதா வீதி. அதன் மறுபக்கத்திலே, விபத்தில் இறந்த மகனின் நினைவாகத் தந்தையொருவர் எழுப்ப, 1950 இல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கா திறந்துவைத்த மணிக்கூட்டுக் கோபுரம். நம்மவர்க்கோ கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் என்றொரு திசைகாட்டியும் உண்டு. "மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நில்லுங்கள்" என்றால் முன்பின் நகருக்கு வராதவரும் வந்து நிற்பார்.

அமெரிக்க அறிஞர் கெவின் லிஞ்ச் என்பார் பொஸ்ரன், ஜேர்சி சிற்றி, லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று நகரங்களின் மக்களை விசாரித்து 1960 இல் ஒரு நூல் வெளியிட்டார். மனிதன் தான் வாழும் நகரத்தை மனத்திலே எவ்வாறு படமாக வரைந்து வைத்துக்கொள்கிறான் என்பதே ஆராய்ச்சி. பாதைகள், எல்லைகள், வட்டாரங்கள், சந்திகள், அடையாளச் சின்னங்கள் என்னும் ஐந்தினாலேயே அப்படம் உருவாகிறது என்பது அவர் கண்ட முடிபு. கண்டியைப் பாருங்கள். தலதா வீதி பாதை, வாவிக்கரை எல்லை, நகைக்கடைகள் நிறைந்த கொழும்பு வீதிப் பக்கம் ஒரு வட்டாரம், பஸ்கள் கூடுமிடம் சந்தி, மணிக்கூட்டுக் கோபுரம் அடையாளச் சின்னம். ஐந்தும் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. போதாக்குறைக்கு எத்திசை நோக்கினும் ஒரு மலை.

இந்த நகரத்திலிருந்து ஒரு பெரிய கடைத்தொகுதியினுள் காலடி எடுத்துவையுங்கள். வாவி மறைந்தது, மலை மறைந்தது, சூரியன் கிழக்கிலா மேற்கிலா என்பதும் மறைந்தது. எங்கும் ஒரே குளிர், ஒரே வெளிச்சம், இருபுறமும் கண்ணாடி. கீழ்மாடியைப் போலவே மேல்மாடி. லிஞ்ச் கூறிய ஐந்தும் இல்லாத ஓர் உலகம். இயற்கை தராத அந்த ஐந்தையும் எழுத்தாலும் நிறத்தாலும் வடிவத்தாலும் செயற்கையாகப் படைத்துத் தருவதே நாம் பேசும் கலையின் முதற்கடமை.

முழுவதும் மூடிக் குளிரூட்டிய கடைத்தொகுதி உலகிலே பரவிய கதையும் சுவையானது. வியன்னாவிலே 1903 இற் பிறந்து, 1938 இல் நாஸிகளுக்குத் தப்பி அமெரிக்கா சென்ற விக்டர் குரூன் என்னும் கட்டடக்கலைஞர், மினசோட்டா மாநிலத்து ஈடைனா நகரில் "சவுத்டேல்" என்னும் தொகுதியை அமைத்தார். அது 1956 இல் திறக்கப்பட்டது. நடுவிலே ஒரு பூங்காமுற்றம், அதனுள் பெரியதொரு பறவைக்கூடு, சுற்றிலும் ஈரடுக்காகக் கடைகள். தாம் பிறந்த வியன்னாவின் நகரச் சதுக்கத்தைப் பனிக்குளிர் தேசத்திலே கூரையின் கீழ் மீட்டுத்தரலாம் என்பது அவர் கனவு. மக்கள் கூடிப் பேசவும் உலாவவும் ஓர் இடம் வேண்டும் என்றே அவர் விரும்பினார்.

நடந்தது வேறு. கண்ணும் காதும் மயங்க, வாங்க வந்த பொருளை மறந்து கண்டதையெல்லாம் வாங்கும் நிலைக்கு மனிதன் ஆளாவதற்கு அவர் பெயரையே இட்டு "குரூன் மாற்றம்" என்று உலகம் வழங்கலாயிற்று. தமது பெயரால் நடப்பதைக் கண்டு மனம் வெறுத்த குரூன், பிற்காலத்திலே கடைத்தொகுதிகளைத் தம் பிள்ளைகள் அல்ல என்று கைவிட்டு, வியன்னாவுக்கே திரும்பி 1980 இற் காலமானார்.

இக்கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கடைத்தொகுதிக்கு இரண்டு மனங்கள். வருபவர் எளிதில் வழி காணவேண்டும் என்பது ஒரு மனம். கொஞ்சம் வழி தவறி மேலும் நாலு கடையைப் பார்க்கட்டும் என்பது மற்றொரு மனம். ஆனால் வழி தெரியாமல் களைத்தவர் மறுமுறை வரமாட்டார். சென்னை அண்ணா சாலையிலே பகுதி பகுதியாகக் கட்டி முடிக்கப்பட்ட ஸ்பென்சர் பிளாசாவுக்குச் சென்றவர்கள் புகுந்த வாயிலைத் தேடி அலைந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வர். கையிலே குழந்தையும் தோளிலே மூட்டையும் இருக்கும் தாய்க்கு அந்தச் சிரிப்பு வராது.

பலகைக்கும் இலக்கணம் உண்டு

வழிகாட்டிப் பலகைகளை நால்வகையாகப் பிரிப்பர். "இஃது இன்ன இடம்" என்று பெயர் சொல்வது ஒன்று. "அவ்விடம் இப்பக்கம்" என்று திசை சொல்வது இரண்டாவது. திறக்கும் நேரம், மாடிகளின் பட்டியல், வரைபடம் முதலிய தகவல் சொல்வது மூன்றாவது. "புகைத்தல் கூடாது", "இது வெளியேறும் வழி" என்று விதி சொல்வது நான்காவது. இந்நான்கும் நிறத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்டுத் தெரியவேண்டும். எல்லாம் ஒரே குரலிற் கத்தினால் ஒன்றும் காதில் விழாது.

அடுத்தது இடம். மனிதன் "இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்று முடிவு செய்யவேண்டிய இடம் எதுவோ அதுவே பலகை நிற்கவேண்டிய இடம். படிக்கட்டு முடியும் இடம், மின்னுயர்த்தியின் கதவு திறக்கும் இடம், இரண்டு நடைபாதைகள் சந்திக்கும் இடம் ஆகியன இத்தகையவை. முடிவு செய்து பத்தடி நடந்த பின் கண்ணிற் படும் பலகை, பஸ் போன பின் கைகாட்டுவது போன்றது.

மூன்றாவது அளவு. எழுத்தின் உயரம் ஓரங்குலம் இருந்தால் ஏறத்தாழ இருபத்தைந்து அடித் தொலைவிலிருந்து இடரின்றி வாசிக்கலாம் என்பது மேலைநாட்டுப் பலகைத் தொழிலிலே கைக்கணக்காக வழங்குவது. அது ஆங்கிலப் பேரெழுத்துக்கு வகுத்த கணக்கு. நமது ணகரத்தின் சுழிகளும், மெய்யெழுத்தின் புள்ளியும், ழகர ளகர வேறுபாடும் தெரியவேண்டுமாயின் அதே தொலைவுக்குத் தமிழெழுத்துச் சற்றுப் பெரிதாகவே வேண்டும். ஆனால் நிகழ்வது என்ன? ஆங்கிலத்திலே நாலெழுத்தில் முடியும் சொல் தமிழிலே பன்னிரண்டு எழுத்தாக நீளும். மும்மொழிக்கும் ஒரே அளவான கட்டம் ஒதுக்கிய வரைஞர், நீண்ட தமிழை அக்கட்டத்துள் அடக்கும் பொருட்டு எழுத்தைச் சிறுக்கவைத்துவிடுகிறார். பெரிதாக இருக்கவேண்டியது சிறிதாகிறது. இங்கே பகைமை எதுவும் இல்லை. முன்யோசனை இல்லாமையே உள்ளது. ஆயினும் வாசிக்க முடியாதவர்க்கு இரண்டும் ஒன்றுதான்.

நான்காவது வரைபடம். "நீங்கள் நிற்குமிடம் இது" என்று சிவப்புப் புள்ளி வைத்த படத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். அப்படத்தின் மேற்புறம் எதுவோ அது, அதைப் பார்த்துநிற்பவரின் முன்புறமாக இருத்தல் வேண்டும். வடக்கை மேலே வைத்து வரைவது பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்துக்குப் பொருந்தும்; கடைத்தொகுதியில் நிற்பவர்க்கு அது இடத்தை வலமாக்கிக் குழப்பும்.

பேராதனை தரும் பாடம்

இவ்விலக்கணத்தைக் கற்க வெளிநாடு போகவேண்டியதில்லை. கண்டியிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்திற் சேரக்கூடிய பேராதனைத் தாவரவியற் பூங்காவே ஒரு பாடசாலை. 1821 இல் அலெக்சாந்தர் மூன் என்பாரின் மேற்பார்வையில் உருவாகிய இப்பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. மகாவலி கங்கை வளைந்தோடி மூன்று புறமும் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. இவ்வளவு பெரிய வெளியிலே சிறு பிள்ளைகளும் அதிகம் தடுமாறுவதில்லை. காரணம் யாது?

பாதையே அங்கு அறிவித்தல் பலகையாக இருக்கிறது. வரிசையாக நிற்கும் பனையினத்து மரங்கள் இருமருங்கும் தூண்போல் எழுந்து, "இவ்வழியே செல்க" என்று சொல்லாமற் சொல்கின்றன. ஒரு சாலையின் மரம் மற்றொரு சாலையின் மரம் அன்று. ஆதலால் ஒன்றையொன்று என்று மயங்குவதற்கில்லை. பெரும் புற்றரை சந்தியாகிறது. கிளைவிரித்துப் படர்ந்த பெரிய அத்திமரம் அடையாளச் சின்னமாகிறது. இவற்றுக்குப் பின்னரே எழுத்து வருகிறது. ஒவ்வொரு மரத்தினடியிலும் அடக்கமாக ஒரு சிறு பெயர்த்தகடு; மரத்தின் பெயரும் குடும்பமும் கூறும். பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவருடைய துணைவியாரும் 1901 இல் நட்ட நாகலிங்க மரம் போன்றவற்றின் அடியிலோ நட்டவர் பெயரும் ஆண்டும் இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு மரம் பேசுகிறது. கிட்ட வந்து நின்றவனுக்கு மட்டும் தகடு பேசுகிறது. எவனுக்கு எப்பொழுது எவ்வளவு சொல்லவேண்டும் என்ற அந்த அடக்கமே சிறந்த வடிவமைப்பு.

அயலிலுள்ள பல்கலைக்கழகமும் அத்தகையதே. 1942 இற் கொழும்பில் உருவான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 முதற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. ஆங்கிலேய நகரத் திட்ட அறிஞர் பற்றிக் அபகுரொம்பி முதலியோர் வகுத்த திட்டத்தை ஒட்டி, அந்தானை மலைச்சாரலின் மேடுபள்ளங்களை அழிக்காமல் கட்டடங்கள் அமைந்தன. அங்கே படித்தவர் யாரிடமும் பல்கலைக்கழகத்தின் இலச்சினையை நினைவிலிருந்து வரையச் சொன்னால் தடுமாறுவர். மலைச்சாரலையும் மரநிழற் பாதையையும் வருணிக்கச் சொன்னால் பொழுது சாயும்வரை பேசுவர். இடத்தின் பெயரை மக்கள் மனத்தில் நிறுத்துவது பலகையிலுள்ள சின்னம் மட்டும் அன்று. அவ்விடத்திலே அவர்கள் நடந்த நடை என்பது இதனாற் பெறப்படும்.

கடைத்தொகுதி அமைப்போர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்துள்ளனர். கொழும்புக் கோட்டையிலே 1906 இல் எழுந்த கார்கில்ஸ் மாளிகையைப் பெயர்ப்பலகை வாசித்து அறிந்தவரைவிடச் செந்நிறச் சுவரால் அறிந்தவரே அதிகம். கண்டி தலதா வீதியிலே அமைந்த கண்டி சிற்றி சென்ரர், உலக மரபுரிமை நகரமாக யுனெஸ்கோவினால் 1988 இற் பிரகடனம் செய்யப்பட்ட ஒரு புனித நகரின் நடுவே நிற்கிறது. கொழும்பிலே 2019 இல் திறக்கப்பட்ட வன் கோல் பேஸ் தொகுதி கடலைப் பார்த்து நிற்கலாம். கண்ணாடியும் ஒளியுமாக மின்னலாம். கண்டியிலே நிற்பது கண்டியைப் போல இருக்கவேண்டும். சாய்ந்த கூரை, மரவேலை, வாவிக்கரை மதிலின் முகில்வளைவு, தும்பறைப் பாயின் நெசவுக்கோலம் என இவ்வூருக்குரிய வடிவங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மேலே ஒட்டிவைத்த ஆபரணமாக அவை நின்றுவிட்டால் பயன் சிறிது. நெசவுக்கோலத்தில் ஒரு நிறம் ஒரு மாடிக்கு, மற்றொரு நிறம் மற்றொரு மாடிக்கு என்று வழிகாட்டவும் அவை உதவினால், அழகும் பயனும் ஒன்றாகும். "சிவப்புக் கோலம் இட்ட மாடியில் சந்திப்போம்" என்று ஒரு சிறுமி தன் தம்பிக்குச் சொல்லக் கூடுமானால், அங்கே வடிவமைத்தவர் வென்றுவிட்டார்.

எழுத்தும் மதிப்பும்

இனி நமது நெஞ்சுக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். தீபாவளிக்கு முந்திய வாரத்திலே ஒரு தோட்டக் குடும்பம் கண்டிக்கு வருவதாகக் கொள்வோம். பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். துணிக்கடையிலே கூட்டம் நெருக்க, பாட்டி ஒரு மாடியிலே தனித்துவிடுகிறார். தமிழன்றி வேறு எழுத்து அவருக்குத் தெரியாது. தலைக்கு மேலே தமிழிற் பிழையின்றித் தெளிவாக "வெளியேறும் வழி" என்றோ "தகவல் கூடம்" என்றோ இருந்தால் அவர் தாமே நடந்துபோய்ச் சேருவார். இல்லையேல் யாரிடமாவது கேட்கவேண்டும். என்ன மொழியிற் கேட்பது என்று நாணவேண்டும். ஒரு பலகை இருப்பதும் இல்லாததும் அந்த முதியவளின் தலைநிமிர்வைத் தீர்மானிக்கிறது.

இது வெறும் உபசாரம் அன்று, உரிமையும் ஆகும். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், விருந்தினர் விடுதிகள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தம் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுள் நுழைவதில் இனம், மதம், மொழி, சாதி, பால் என்பனவற்றின் காரணமாக எவருக்கும் இயலாமையோ கட்டுப்பாடோ விதிக்கலாகாது என்கிறது. கடை என்னும் சொல்லே அங்கு இருப்பதைக் கவனியுங்கள். 1956 இற் சிங்களம் மட்டும் என்றிருந்த சட்டநிலை மாறி, 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஓர் அரசகரும மொழியாயிற்று. 1991 இன் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் நிறுவப்பட்டது. தனியார் கடையின் ஒவ்வொரு பலகையையும் இச்சட்டங்கள் எழுதித் தருவதில்லை. ஆயினும் கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே வழி தெரியாமற் செய்வது, அழைத்த விருந்தினருக்கு இலை போடாதது போன்றதன்றோ?

எழுதினாலும் பிழையின்றி எழுதவேண்டும். "கர்ப்பிணித் தாய்மார்" என்று பஸ்ஸில் எழுதவேண்டிய இடத்திலே தகரம் நகரமாக மாறி, தாய்மார் நாய்மாராகிய அவலம் நாடறிந்தது. எழுதியவர் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். தமிழறியாத ஒருவர், எழுத்தை எழுத்தாகக் கொள்ளாமற் கோடாகக் கண்டு பார்த்து வரைந்தால் த என்பதும் ந என்பதும் அவருக்கு ஒன்றே. கணினி வந்த பின் பிழைக்குப் புதியதொரு வாசலும் திறந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு முறைக்கு மாற்றும்போதும், தமிழ் எழுத்துச் சேர்க்கையை அறியாத வரைகலைச் செயலியில் ஒட்டும்போதும், முன்னே நிற்கவேண்டிய கொம்பு பின்னே தாவும், கொக்கி கழன்று விழும், புள்ளி மறையும். அச்சிட்டவர் அறியார், ஆணியடித்தவர் அறியார், வாசிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருவனே அறிவான். மும்மொழிப் பலகையை ஆணியடிக்கும் முன்னர் அம்மொழி பேசும் ஒருவர் கண்ணில் ஒருமுறை காட்டுவதற்கு ஆகும் செலவு எவ்வளவு?

தமிழ்நாட்டிலே கடைப் பெயர்ப்பலகைகளிற் தமிழுக்கே முதலிடம் என்றும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றின் அளவு 5:3:2 என்ற விகிதத்தில் அமையவேண்டும் என்றும் விதி உண்டு. மும்மொழியும் அருகருகே வாழும் கண்டிக்கு அவ்விகிதம் அப்படியே பொருந்தாது. இங்கு வேண்டுவது சமமான தெளிவு. சமமான கட்டம் வேறு. சமமான தெளிவு வேறு. இதை உணர்ந்த வரைஞர் தமிழுக்குச் சற்று நீண்ட கட்டம் ஒதுக்குவார். அல்லது சொல்லைச் சுருக்குவார்.

எழுத்தே அறியாதவர்க்கும் வழி உண்டு. 1969 இல் மெக்சிக்கோ நகரிலே சுரங்க ரயில் தொடங்கியபோது, எழுத்தறியாதோரும் பயணஞ்செய்யும் பொருட்டு ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரச் சின்னம் வகுத்தனர். லான்ஸ் வைமன் என்னும் அமெரிக்க வரைகலைஞர் அப்பணியை நடத்தினார். வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள்படும் பெயருடைய நிலையத்துக்கு வெட்டுக்கிளியே சின்னம். காவிரிப்பூம்பட்டினத்துக் கொடி மெக்சிக்கோவிலே மறுபிறவி எடுத்தது எனலாம்.

உயிர் காக்கும் பச்சை மனிதன்

இதுவரை சொன்னவை சௌகரியமும் மதிப்பும் பற்றியன. உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. ஜப்பானிலே ஒசாக்கா நகரின் சென்னிச்சி அங்காடிக் கட்டடத்தில் 1972 மே மாதத்தில் மூண்ட தீயில் 118 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு நவம்பரிலே குமமோட்டோ நகரின் தையோ அங்காடியில் மூண்ட தீயும் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. இரண்டும் மக்கள் சாமான் வாங்கவும் பொழுதுபோக்கவும் கூடிய இடங்கள். புகை சூழ்ந்த வேளையில், நீண்ட எழுத்துக்களாலான அறிவித்தலை வாசித்து ஓட யாரால் முடியும்? பின்னர் ஜப்பானியர் வெளியேறும் வழிக்கு ஒரு நல்ல சின்னம் வேண்டிப் போட்டி நடத்தினர். யூக்கியோ ஓட்டா என்னும் வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில் திருந்திய உருவம், கதவை நோக்கி ஓடும் பச்சை மனிதன், 1987 இல் உலகத் தர நிறுவனத்தின் நியமங்களிலும் இடம்பெற்றது. இன்று உலகின் பல நாடுகளிலும் அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சாதியுமில்லை, மொழியுமில்லை. அபாய வேளையில் எல்லார்க்கும் உறவினன். அவன் மேல் விளம்பரத் துணியைத் தொங்கவிட்டு மறைப்பதும், அவன் காட்டும் கதவின் முன்னே பெட்டிகளை அடுக்குவதும் எத்தகைய பிழை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது யாது?

பெற்றோர்கள் அடுத்த முறை பிள்ளைகளோடு ஒரு கடைத்தொகுதிக்குச் செல்லும்போது ஒரு சிறு விளையாட்டை நடத்திப் பார்க்கலாம். வாயிலில் நின்றபடி பிள்ளையிடம், "யாரிடமும் கேளாமல் மலசலகூடத்துக்கு வழி கண்டுபிடி, அபாயத்தில் வெளியேறும் வழி எது என்று சொல், வாகனத் தரிப்பிடத்துக்கு எந்த மாடி என்று சொல்" என்று கூறி, பின்னே நடந்துபாருங்கள். பிள்ளை எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே ஒரு பலகை குறைகிறது என்று அறியலாம். பிள்ளைக்கு இது விளையாட்டு. கூடவே கண் திறக்கும் கல்வி. தொலைந்துபோனால் எங்கே வந்து நிற்பது என்பதையும் அப்பொழுதே பேசி முடிவுசெய்துகொள்ளலாம்.

தமிழிலே பிழை கண்டால் கைபேசியிற் படம்பிடித்து ஊர் சிரிக்கப் பரப்புவது இந்நாள் வழக்கம். அதனாற் பலகை திருந்துவது அருமை. சரியான சொல்லைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி, அந்நிறுவனத்தின் முகாமையாளரிடம் மரியாதையாகக் கொடுத்துவருவது மேல். பத்துப் பேர் அவ்வாறு செய்தால் பதினோராவது பலகை அச்சாகும் முன்பே நம்மிடம் காட்டப்படும்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை. தமிழ் படித்தால் ஆசிரியத் தொழில் அன்றி வேறென்ன என்று கேட்பவர் உளர். தமிழெழுத்தின் வடிவழகையும், அதன் நீள அகலங்களையும், சொல்லைச் சுருங்கக் கூறும் வகையையும் அறிந்த வரைகலைஞர்களுக்கு இந்நாட்டிலே இடம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலைப் பீடத்திலே வடிவமைப்பும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. சிங்களத்தையும் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருசேர அறிந்த ஓர் இளைஞனோ யுவதியோ அத்துறையிற் புகுந்தால், அவர் கையால் எழுதப்படும் ஒவ்வொரு பலகையும் மூன்று சமூகத்தாரையும் ஒரே வாயிலால் உள்ளே அழைக்கும்.

கடைத்தொகுதி என்பது பணம் கொடுத்துப் பொருள் வாங்கும் இடம் மட்டுமன்று. கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் தனித்தனியே செல்லும் நம் நாட்டு மக்கள், தோளோடு தோள் உரசி ஒன்றாக நடக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே சுவர் எல்லாரோடும் அவரவர் மொழியிற் பிழையின்றிப் பேசக் கற்றுக்கொள்ளுமானால், கடைக்காரர்க்கு வியாபாரம் பெருகும். பாட்டிக்கு வழி தெரியும். பேரனுக்குத் தன் எழுத்தின்மேல் மதிப்பு வளரும். மூன்று இலாபமும் ஒரு பலகையிலே அடங்குமாயின், அப்பலகையைச் சற்றுக் கவனமாக எழுதினால் என்ன?